பேர் கூப்பிடாத திங்கட்கிழமை

கிள்ளான்
3-2-1935

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தங்கை புஷ்பவல்லி வணங்கி எழுதுவது. எனக்குக் காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகிறது. இப்போது சோறும் இறங்குகிறது. ரவாங்கில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணிக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

இந்த வயோதிகர் விடுதியில் ஆயா வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. பெருக்குவது, படுக்கை தட்டுவது, கண் தெரியாதவர்களுக்குக் கஞ்சி ஊட்டுவது என்று பொழுது போய்விடுகிறது. இருபத்தேழு ஆண்கள், பதினாறு பெண்கள். எல்லோரும் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்தவர்கள், சொந்தம் என்று யாரும் இல்லாதவர்கள். ஆண்கள் கூடம் ஒரு பக்கம், பெண்கள் கூடம் ஒரு பக்கம், நடுவில் முற்றம். முன்பு மேற்பார்வை பார்த்த, தோட்டங்களில் கணக்கெழுதிப் பழகிய கிராணி, தோட்டத்து வழக்கத்தை அப்படியே இங்கே வைத்திருந்தார். காலை ஐந்து மணிக்கு, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடிப்பார். நாற்பத்து மூன்று பேரும் முற்றத்தில் வரிசையாக நிற்பார்கள். அவர் புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார், ஒவ்வொருவராக "இருக்கேன்" என்பார்கள். தோட்டத்தில் போலவே பெரட்டு என்றே அதற்கும் பேர்.

கிராணி ஊருக்குப் போய்விட்டார். போன மாதம் கமிட்டிக்காரர்கள் ஒரு மிஸ்ஸியைத் தலைமைக்கு வைத்திருக்கிறார்கள். பேர் நேசம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் இருபது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவராம். தலைமை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து ஏவுவது என்று நினைத்திருந்தேன். இவர் வந்த மூன்றாம் நாள் எல்லோருடைய பேரையும் புத்தகம் பார்க்காமல் சொன்னார். நாலாம் நாள் மாரியாயி பாட்டியின் காலைத் தம் மடியில் வைத்து நகம் வெட்டினார். பாட்டிக்கு வாய் அதிகம். "என்னடி புஷ்பம் இது, தொரசானி வந்து என் நகத்த வெட்டுது. நான் செத்து கித்துப் போயிட்டனா?" என்று என்னைக் கேட்டது. மிஸ்ஸி தலையைத் தூக்காமல் சிரித்தார்.

அவர் எதிரில் எனக்குப் பேச்சே வருவதில்லை. எது கேட்டாலும் தலையை ஆட்டுகிறேன்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நேரம் கிடைக்கும்போது நாலு வரி எழுதுங்கள்.

தங்கை
புஷ்பவல்லி


ரவாங்
12-2-1935

தங்கச்சி புஷ்பத்துக்கு,

அண்ணன் அய்யாவு எழுதுவது. நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம். அண்ணிக்கு வீக்கம் பாதி வடிந்துவிட்டது. தண்டவாளத்தில் கட்டை மாற்றும் வேலை, மழையென்றும் வெயிலென்றும் பாராமல் நடக்கிறது.

நீ தலையை ஆட்டுவதே நல்லது. பெரியவர்கள் மத்தியில் பேசிப் பிழைத்தவன் நம் கூட்டத்தில் ஒருத்தனும் இல்லை. மிஸ்ஸி நல்லவராக இருந்தால் சந்தோஷம். மோசமானவராக இருந்தாலும் வேலை நிலைக்க வேண்டும். அதை மட்டும் பார்.

ராத்திரி ஈரத் தலையோடு படுக்காதே. காய்ச்சல் திரும்பிவிடும்.

உன் அண்ணன்
அய்யாவு


கிள்ளான்
10-3-1935

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் உங்களையே பார்த்தது போல இருந்தது. என் உடம்பு நன்றாக இருக்கிறது. தலையைத் துவட்டிவிட்டுத்தான் படுக்கிறேன்.

இங்கே ஒரு பெரிய காரியம் நடக்கப் போகிறது. கிராணி போன பிறகு காவற்காரர்தான் பெரட்டில் பேர் கூப்பிடுகிறார். நேற்று விடியலில் மிஸ்ஸி முற்றத்து ஓரத்தில் நின்று பெரட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் போட்டது. ரெங்கசாமி தாத்தாவுக்குப் பாதத்தில் ஆறாத புண். ஒற்றைக் காலில் நின்று தம் பேர் வரும்வரை காத்திருந்தார். எல்லாம் முடிந்ததும் மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டு, "இது வீடு, பிள்ளை. வீட்டில ஆக்களை நிக்க வைச்சு எண்ணுறேல்லை" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை, பதினெட்டாம் தேதியிலிருந்து, பெரட்டு இல்லை. இஷ்டம் போல விடியும் வரை படுத்திருக்கலாம். கமிட்டியைக் கூடக் கேட்கவில்லை. எண்ணியதை ஒரே வார்த்தையில் செய்துவிடுகிற தைரியம் ஒரு பெண்ணுக்கு இருக்கும் என்று நான் கண்டதில்லை. அவர் நடந்து போனால் நான் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன்.

இதை எல்லோருக்கும் முன்கூட்டியே எடுத்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். "என்ர பேச்சு அவைக்குச் சரியா விளங்கிறேல்லை. நீர் அவையின்ர பிள்ளை மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரெண்டு கூடத்திலயும் போய், ஏன் எதுக்கு எண்டு ஆறுதலாச் சொல்லும்" என்றார். வழக்கம் போலத் தலையை ஆட்டிவிட்டேன். இத்தனை பேருக்கு முன்னால் நான் எப்படிப் பேசுவேன்?

அண்ணியை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

தங்கை
புஷ்பவல்லி


ரவாங்
7-4-1935

தங்கச்சிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நலமாக இருக்கிறாயா என்பதுதான் தெரியவில்லை. ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

நேற்று கிள்ளானிலிருந்து வந்த சரக்கு ரயிலில் வந்தவன் ஒரு செய்தி சொன்னான். உங்கள் விடுதியிலிருந்து கிழவர்கள் கூட்டமாக வெளியே போய்விட்டார்கள் என்றும், ஒருவரைப் பல நாள் காணவில்லை என்றும். அண்ணி பயப்படுகிறாள். என்ன நடந்தது என்று உடனே எழுது.

அய்யாவு


கிள்ளான்
12-4-1935

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

உங்களைக் கவலைப்பட வைத்துவிட்டேன், மன்னியுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. பதினெட்டாம் தேதி காலை தண்டவாளம் அடிக்கவில்லை. அடிக்காமலே ஆண்கள் எழுந்துவிட்டார்கள். நாற்பது வருடம் அந்த நேரத்துக்கு எழுந்த உடம்பு படுத்திருக்குமா? முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். யாரும் புத்தகத்தோடு வரவில்லை. பேர் கூப்பிடவில்லை. வெயில் ஏறும் வரை அப்படியே நின்றிருக்கிறார்கள். அப்புறம் ரெங்கசாமி தாத்தா சொன்னாராம், "நம்ம பேர வெட்டிட்டாங்கப்பா. வாங்க, எடத்தக் காலி பண்ணுவோம்."

தோட்டத்தில் அப்படித்தானே. பெரட்டில் பேர் வரவில்லை என்றால் வேலை போயிற்று, லயத்து வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள். இவர்களும் யாரையும் காரணம் கேட்கவில்லை. பதினோரு பேர் துணியை மூட்டை கட்டிக்கொண்டு, பாய்களை ஒழுங்காகச் சுருட்டி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் போய்விட்டார்கள். பெண்கள் கூடத்தில் ஒருவரும் போகவில்லை. தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நாங்கள் முற்றத்துப் பக்கம் வராமல் சமையல்கட்டோடு இருந்துவிட்டோம், கஞ்சி கொண்டு போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மிஸ்ஸி செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். பாசார் கடைத்தெரு முனையிலும் ஆற்றோரத்திலும் தேடிப் பத்துப் பேரை அழைத்து வந்தார். ரெங்கசாமி தாத்தா மட்டும் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆண்கள் கூடத்தில் மிஸ்ஸி தரையில் உட்கார்ந்தார். "என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ. பேர் கூப்பிடாட்டி உங்களுக்கு என்ன அர்த்தம் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். விடுதிக்குத் தலைவி, வேலையற்ற கிழவர்களிடம் மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்தேன் அண்ணா. மறுநாள் விடியலில் அவரே புத்தகத்தோடு முற்றத்துக்கு வந்தார். முதல் பேராகத் தம் பேரையே கூப்பிட்டார், "நேசம்மா." வரிசையில் போய் நின்று, "இருக்கிறன்" என்றார். மாரியாயி பாட்டி, "பாத்துக்க, தொரசானியும் கூலிதான்" என்றது. அழுதுகொண்டிருந்தவர்கள் கூடச் சிரித்துவிட்டார்கள்.

நாலாம் நாள் காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. ரெங்கசாமி தாத்தா அந்தப் புண் காலோடு ஒன்பது மைல் நடந்து, முன்பு தாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அதே தோட்டத்துக்குப் போயிருக்கிறார். மூன்று விடியலும் இளவட்டங்களோடு பெரட்டில் நின்றிருக்கிறார். கங்காணி, "போ பெருசு, இங்க ஒனக்கு என்னா வேல" என்று விரட்ட, "இருங்க, என் பேரு இன்னும் வரல" என்று சொல்லி நின்றாராம். மிஸ்ஸி ஒரு லோரி பிடித்துப் போய், அவர் காலைத் தம் மடியில் தாங்கிக்கொண்டு கூட்டி வந்தார். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

அண்ணி தைரியமாக இருக்கட்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

தங்கை
புஷ்பவல்லி


ரவாங்
20-4-1935

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணி படிக்கக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் நலம்.

ஒன்று கேட்கிறேன். பெரட்டு நின்றுபோகும் என்று இரண்டு கூடத்திலும் சொல்லும்படி மிஸ்ஸி உன்னிடம்தான் சொன்னதாக மார்ச் மாதம் எழுதியிருந்தாய். பெண்கள் ஒருவரும் போகவில்லை. ஆண்கள் மட்டும் ஏன் போனார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அய்யாவு


கிள்ளான்
9-5-1935

அண்ணன் அவர்களுக்கு,

நீங்களும் அண்ணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத முடியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. நான் ஆண்களிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூடத்தில் எப்படியோ சொல்லி முடித்தேன். பாட்டிதான், "சத்தமா சொல்லுடி, ஒன் கழுத்த யாரும் புடிக்கல" என்று அதட்டி அதட்டிப் பேச வைத்தது. பிறகு ஆண்கள் கூடத்து வாசலுக்குப் போனேன். இருபத்தேழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னையா தாத்தா வேடிக்கையாக, "என்னா புஷ்பம், வாசல்ல நின்னு மாப்பிள்ள பாக்குறியா? நல்லதா ஒண்ணப் பாத்து எடுத்துக்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை அண்ணா. ரெங்கசாமி தாத்தா மட்டும், "சும்மா இருங்கடா, புள்ள என்னமோ சொல்ல வந்திருக்கு" என்றார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. விளக்குத் துடைக்க வந்தவள் போல விளக்கைத் துடைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எப்படியும் பெண்கள் வழியாகத் தெரிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டேன். வெளியே மிஸ்ஸி நின்றிருந்தார். "சொன்னனீரோ?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

பேரை வெட்டினால் என்ன ஆகும் என்று தெரியாதவளா நான்? நாலு வருடத்துக்கு முன்னால் அப்பா பேரை வெட்டி, அவரைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்களே. அதோடுதானே என் பள்ளிக்கூடமும் நின்றது. மிஸ்ஸிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ரெங்கசாமி தாத்தா இரண்டாம் தேதி இறந்துபோனார். புண் மேலேறி உடம்பெல்லாம் விஷமாகிவிட்டது என்று சொன்னார்கள்.

வருகிற இருபத்தாறாம் தேதி கமிட்டி கூடுகிறது. கேட்காமல் வழக்கத்தை மாற்றியதற்காகவும், ஓர் உயிர் போனதற்காகவும் மிஸ்ஸியை விலக்கப் போவதாகப் பேச்சு. பெண்களுக்குத் தெரிந்து ஆண்களுக்குத் தெரியாமல் போனது எப்படி என்று மிஸ்ஸிக்கு அன்றே புரிந்திருக்கும். இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தைக் கூடச் சுளிக்கவில்லை. முன்பு போலவே, "சாப்பிட்டனீரோ, பிள்ளை?" என்கிறார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் என்ன செய்யட்டும்?

புஷ்பவல்லி


ரவாங்
13-5-1935

தங்கச்சி புஷ்பத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ சாப்பாட்டை விடாதே.

வாயைத் திறக்காதே. அண்ணன் சொல்கிறேன், கேள். கமிட்டிக்காரர்கள் பெரிய மனிதர்கள், மிஸ்ஸியும் படித்தவர். அவர்களுக்குள் எப்படியாவது தீர்த்துக்கொள்வார்கள். மிஸ்ஸிக்கு வேறு ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும். உனக்கு எது கிடைக்கும்? செத்தவர் திரும்பி வரப் போவதில்லை. உன்னால்தான் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தச் சொல் கிள்ளான் முழுக்க உன் பின்னாலேயே வரும்.

கூட்டத்துக்கு முன்னால் ரவாங் வந்துவிடு. இருபத்தாறாம் தேதி காலையே ரயிலடியில் உனக்காக நிற்பேன்.

அய்யாவு


கிள்ளான்
29-5-1935

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ரயிலடியில் உங்களைக் காக்க வைத்துவிட்டேன். என் மேல் கோபம் இருந்தாலும் இதை முழுக்கப் படியுங்கள். உங்களுக்கும் அண்ணிக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

மூட்டை கட்டி வைத்திருந்தேன். ஆனால் கூட்டத்துக்குத் தேநீர் கொடுக்க வேறு ஆள் இல்லை. கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்துவிட்டேன். இல்லை, அதுவும் பொய். போக மனம் வரவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். தலைவர் பழனியப்பன் நடுவில். கிள்ளானில் பெரிய துணிக்கடைக்காரர் அவர். பக்கத்தில் செயலாளர் சீவரத்தினம் நோட்டோடு. இன்னும் நாலு பேர். விடுதிக்காரர்கள் எல்லோரும் சுவரோரம் தரையில். மிஸ்ஸி மட்டும் நின்றார்.

செயலாளர் குற்றத்தைப் படித்தார். தலைவர் கேட்டார், "பெரட்ட நிறுத்தப் போறீங்கன்னு இவங்களுக்கு முன்னாடியே சொன்னீங்களா?"

"சொல்ல வேண்டியது நான். ஒழுங்காச் சொல்லி முடியேல்லை. பிழை என்னிலதான்" என்றார் மிஸ்ஸி.

தட்டை மேசையில் வைத்தேன். "மிஸ்ஸி சொல்லச் சொன்னாங்க. நான்தான் சொல்லல" என்றேன்.

"யாரும்மா நீ? சத்தமா சொல்லு."

"புஷ்பவல்லி. ஆயா. ஆம்பளைங்க கூடத்துல நான் சொல்லல. சொன்னேன்னு மிஸ்ஸிகிட்ட தலைய ஆட்டுனேன்."

தலைவர் முகம் தெளிந்தது. "அப்ப வெசயம் லேசாப் போச்சு. தப்பு இந்தப் பொண்ணோடது. இதை அனுப்பிட்டா போதும். மிஸ்ஸி மேல ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க" என்றார். செயலாளர் பேனாவைத் தொட்டார்.

"அப்பிடி எழுதாதேங்கோ" என்றார் மிஸ்ஸி. குரல் உயரவில்லை. "இந்த வீட்டுக்குத் தலைமை நான். வேலையைப் பிள்ளையிட்டக் குடுக்கலாம். பொறுப்பைக் குடுக்கேலாது. இவள் தலையை ஆட்டினவுடன நான் நம்பினன். ஆம்பிளையளிட்டப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ரெங்கசாமி ஐயா இண்டைக்கு இருந்திருப்பார். நான் கேக்கேல்லை. அதை எழுதுங்கோ."

அண்ணா, தப்பிக்கக் கதவு திறந்திருந்தது. அவர் அதைத் தம் கையாலேயே சாத்தினார். நான் அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். முதல் தடவையாக நேராகப் பார்த்தேன்.

தலைவர் சுவரோரம் திரும்பி, "நீங்க எல்லாம் என்ன சொல்றீங்க?" என்றார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். அப்போது மாரியாயி பாட்டி, "மொத்தமாக் கேட்டா நாங்க எப்ப சாமி பேசியிருக்கோம்? பேரு சொல்லிக் கேளுங்க" என்றது.

தலைவர் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். எட்டு வருடமாகத் தலைவராக இருக்கிறார். அவருக்கு ஒரு பேரும் தெரியவில்லை. காது சிவந்துபோய்விட்டது. புத்தகத்தை எடுத்து, அருகில் நின்ற என்னிடமே நீட்டினார்.

நான் கூப்பிட்டேன். முதல் நாலைந்து பேரைப் படிக்கும்போது என் குரல் எழவில்லை. பிறகு எழுந்தது. ஒவ்வொருவராக எழுந்து நின்று, "இருக்கேன்" என்று சொல்லி, அதற்குப் பிறகு தாம் நினைத்ததைச் சொன்னார்கள். இராஜம்மா என்ற பாட்டி பேசி நான் கேட்டதே இல்லை. அது கூட, "மிஸ்ஸி வந்தப்புறந்தான் எனக்கு ராவுல பயமில்ல" என்றது. ரெங்கசாமி தாத்தாவுக்குப் பக்கத்துப் பாயில் படுப்பவர் சின்னையா தாத்தா. அவர் முறை வந்தபோது, "எனக்கு மிஸ்ஸி வேணாம். என் கூட்டாளி போயிட்டான்" என்றார். உட்காரப் போனவர் திரும்பி, "இந்தப் பொண்ணு நெசத்த சொல்லுச்சு. அதையும் எழுதிக்குங்க" என்றார்.

நாற்பத்திரண்டு பேர். வேண்டாம் என்றவர்கள் மூவர். மற்றவர்கள் மிஸ்ஸி இருக்கட்டும் என்றார்கள். தலைவர், மிஸ்ஸி இருக்கலாம், ஆனால் எச்சரிக்கை நோட்டில் ஏறும் என்றார். என்னையும் அனுப்பவில்லை. உள்ளே இருப்பவர்களில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இனிக் கமிட்டியில் உட்கார வேண்டும் என்றார். அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் மிஸ்ஸி என்னிடம் வந்தார். என்ன சொல்வாரோ என்று நின்றேன். "தேத்தண்ணி ஆறிப்போச்சு. திரும்பச் சுட வையும், பிள்ளை" என்றார்.

சின்னையா தாத்தா இன்னும் என்னோடு பேசவில்லை. கஞ்சி கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தினமும் கொண்டு போகிறேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள். திட்டினாலும் சரி.

தங்கை
புஷ்பவல்லி


ரவாங்
7-7-1935

தங்கச்சி புஷ்பத்துக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரத்துக்கு மேலாகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணிக்கும் இல்லை. கோபமும் இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அப்பா பேரை வெட்டிய அன்று நீ லயத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் பெரட்டில் அவர் பக்கத்தில் நின்றேன். கிராணி என் பேரைக் கூப்பிட்டார். "இருக்கேன்" என்றேன். அடுத்தது எப்போதும் அப்பா பேர். அதை விட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு இருபது வயது, குரலும் இருந்தது. "அப்பா பேர விட்டுட்டீங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் தரையைப் பார்த்தேன். வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

கேட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவேளை மாறியிருக்காதுதான். உன் கடிதத்தைப் படித்த பிறகு அதைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

வாயைத் திறக்காதே என்று உனக்கு எழுதியது உன் நன்மைக்கு என்றுதான் நினைத்தேன். என் நன்மைக்கும்தான்.

கஞ்சி கொண்டு போவதை நிறுத்தாதே.

அண்ணன்
அய்யாவு


கிள்ளான்
22-7-1935

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீங்கள் எழுதியதைப் பற்றிச் சொல்ல எனக்கு வயது போதாது. அப்பாவிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அப்பாவின் ஊர் முகவரியை இந்தக் காகிதத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். ஆகஸ்டில் கப்பல் தபால் போகிறது.

நேற்றுப் புதிய கமிட்டி முதல் தடவையாகக் கூடியது. ஆண்கள் தங்களுக்குள் பேசிச் சின்னையா தாத்தாவை அனுப்பினார்கள். மிஸ்ஸி வேண்டாம் என்றவரையே அனுப்பியிருக்கிறார்களே என்று நான் பயந்தேன். மிஸ்ஸி, "அவர்தான் வர வேணும்" என்றார். பெண்களில் மாரியாயி பாட்டி.

பாட்டி நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. "இதுல உக்காந்தா எனக்குத் தல சுத்தும்." தலைவர் எழுந்து வந்து, "மாரியாயி அம்மா, உக்காருங்க" என்றார். பேரைச் சரியாகச் சொன்னார். பாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்தது. கால் தரையில் எட்டவில்லை.

ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று செயலாளர் கேட்டார். சின்னையா தாத்தா நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "இனிமே இங்க எது மாத்துறதா இருந்தாலும் மொதல்ல எங்களக் கேக்கணும். ஆள் விட்டுச் சொல்லக் கூடாது. மூஞ்சப் பாத்துக் கேக்கணும்" என்றார். மிஸ்ஸியைப் பார்த்துத்தான் சொன்னார். மிஸ்ஸி, "ஓம்" என்றார்.

"கஞ்சிக்கு உப்புக் கொறைக்கிறதா இருந்தாலும்" என்று பாட்டி சேர்த்துக்கொண்டது.

செயலாளர் பேனாவை நிறுத்தி, உப்பையும் எழுத வேண்டுமா என்று தலைவரைப் பார்த்தார்.

"அவங்க சொன்னபடியே எழுதுங்க" என்றார் தலைவர்.

நான் தேநீர்த் தட்டோடு செயலாளருக்குப் பின்னால் நின்றேன். மை இன்னும் காயவில்லை. சின்னையா தாத்தாவின் பேர், மாரியாயி பாட்டியின் பேர், கீழே கஞ்சி, உப்பு. எல்லாம் எனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்துதான். ஆனாலும் நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அண்ணிக்கு என் வணக்கம். மழையில் நனையாதீர்கள்.

தங்கை
புஷ்பவல்லி